லோடுமேன் வீட்டுப் பிள்ளையும் கல்லூரிக் கட்டணமும்: நமது சங்கம் செய்யக்கூடியது



எழுதுகிறவன் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு தகப்பனார் விருதுநகர் கடையில் சிட்டை எழுத உட்கார வைத்துவிட்டார். பருப்பு, மிளகாய் வற்றல், மல்லி என்று மொத்த வியாபாரத்திலேயே நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது. சரக்கு விலை ஏற்ற இறக்கம் பற்றி எழுதச் சொன்னால் தயங்காமல் எழுதுவேன். கல்வியைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒரு பிள்ளையின் படிப்பு என் கல்லாப் பெட்டி முன்னால் நின்று போயிற்று, அந்தத் தகுதிதான்.

ஆண்டுதோறும் மே 5ஆம் தேதி வணிகர் தினம் கொண்டாடுகிறோம். கடையை அடைத்துவிட்டு மாநாட்டுக்குப் போகிறோம். அந்த வாரத்திலேயே நம் கடைகளில் வேலை பார்க்கும் பலருடைய வீட்டில் வேறொரு பெரிய காரியம் நடக்கிறது. பிளஸ் டூ தேர்வு முடிவு 2023இல் மே 8ஆம் தேதியும், 2024இல் மே 6ஆம் தேதியும், 2025இல் மே 8ஆம் தேதியும் வந்தது. நாம் மாநாட்டுப் பந்தலைப் பிரித்து முடிக்கும் முன்பே, நம் மூட்டையைச் சுமக்கிறவர் வீட்டுப் பிள்ளை கையில் மதிப்பெண்ணோடு, அடுத்து யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறது. இந்த இரண்டையும் நமது சங்கம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2019ஆம் ஆண்டு நடந்தது

எங்கள் கடையில் இருபத்திரண்டு ஆண்டுகள் மூட்டை தூக்கியவர் ஒருவர். பெயர் வேண்டாம். அவருடைய மகள் அந்த ஆண்டு பிளஸ் டூவில் 600க்கு 512 வாங்கியிருந்தாள். அரசுக் கலந்தாய்வில் பொறியியல் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. முதல் பட்டதாரிச் சலுகை போக, மற்றக் கட்டணங்கள், விடுதி முன்பணம், புத்தகம், துணிமணி எல்லாம் சேர்த்து 38 ஆயிரம் தேவைப்பட்டது. மனைவியின் தோடு, மைத்துனரிடம் கைமாற்று, சீட்டுப் பணம் என்று 23 ஆயிரம் புரட்டிவிட்டார். குறைந்தது 15 ஆயிரம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், லாரி வந்து நிற்கிறது, மழை வரும் போலிருக்கிறது, சரக்கை இறக்கும் அவசரம். எல்லாம் இறக்கி முடித்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, பாப்பாவுக்கு ஒரு பதினஞ்சு குறையுது. கூலில கொஞ்சம் கொஞ்சமா புடிச்சுக்கிடுங்க."

"திங்கக்கிழமை பாப்பமய்யா. மில்லுக்கு அனுப்ப வேண்டிய பணம் இருக்கு" என்றேன்.

சரி என்று போய்விட்டார். கல்லூரியில் சேர அந்தத் திங்கட்கிழமைதான் கடைசி நாள் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையில் நான் பாக்கி வசூலுக்கு வெளியூர் போய்விட்டேன். அவர் கடைக்கு வந்து பதினோரு மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாராம். கணக்குப்பிள்ளை இரண்டு நாள் கழித்துச் சொன்னார்.

இடம் போயிற்று. அடுத்த சுற்று உண்டு, துணைக் கலந்தாய்வு உண்டு என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. கலைக் கல்லூரிகளில் அதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. அந்தப் பெண் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். தகப்பனார் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அடுத்த நாளும் வழக்கம்போல வந்து மூட்டை தூக்கினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆண்டு முடிவில் பேரேட்டைப் புரட்டும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. அதே சனிக்கிழமை, வெளியூர்க் கடைக்காரர் ஒருவருக்கு 80 ஆயிரம் ரூபாய் துவரம்பருப்பு முப்பது நாள் கடனுக்கு அனுப்பியிருக்கிறேன். போனில் பேசியே முடித்த வியாபாரம். அந்த மனிதரை நான் வாழ்நாளில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். அவரை நம்பி 80 ஆயிரம் கொடுத்த நான், இருபத்திரண்டு வருடம் என் கண் முன்னால் உழைத்தவரை நம்பி 15 ஆயிரம் கொடுக்கவில்லை. பணம் இல்லை என்பது பொய். நினைப்பு இல்லை என்பதுதான் உண்மை.

அரசு கொடுக்கிறது, பிறகு நாம் எதற்கு?

இதைச் சங்கக் கூட்டத்தில் பேசியபோது ஒரு நண்பர் எழுந்து, "எல்லாவற்றையும் அரசாங்கம் கொடுக்கிறதே, நாம் எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அரசு கொடுப்பது குறைவல்ல. தெரிந்தவரை வரிசையாகச் சொல்கிறேன். கடையில் எழுதி ஒட்டி வைத்துக்கொண்டாலும் நல்லது.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. இது புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கு அதே போல் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு என்று ஆகியிருக்கிறது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு, தொழிற்கல்வியில் அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கட்டணச் சலுகை உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கு உதவித்தொகை இருக்கிறது. அரசுக் கலை அறிவியல் கல்லூரியில் ஓராண்டுக் கட்டணமே சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும்.

இவ்வளவும் உண்மை. ஆனால் வணிகர்களாகிய நமக்கு ஒரு விஷயத்தைப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை. வர வேண்டிய பணம் வேறு, கையில் இருக்கும் பணம் வேறு. ஊரெல்லாம் பத்து லட்சம் பாக்கி நிற்கும். ஆனாலும் நாளைக் காலை லாரி வாடகை கொடுக்கக் கல்லாவில் காசு இருக்காது. நல்ல வியாபாரம் நடக்கும் கடை நொடித்துப் போவதும் இப்படித்தான். அரசின் உதவித்தொகை பிள்ளை கல்லூரியில் சேர்ந்து, விவரம் பதிவாகி, சரிபார்த்த பிறகுதான் வரும். சேருவதற்கே பணம் வேண்டும். அந்த முதல் மாதத்தைத் தாண்ட முடியாதவனுக்கு ஆறாம் மாதம் வரப்போகிற பணத்தால் என்ன பயன்? தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாகத்தான் முடியும்.

ஆகவே பெரிய நன்கொடை கொடுத்து யாரையும் கடைசி வரை படிக்க வைக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இடையில் விழும் சிறு பள்ளத்தை நாம் நிரவினால் போதும். அந்தப் பள்ளம் 5 ஆயிரமாக இருக்கலாம், 15 ஆயிரமாக இருக்கலாம். நமக்கு அது ஒரு மாதம் கடனாக நிற்கும் நாலு மூட்டை சரக்கு. அந்த வீட்டுக்கு அது ஒரு தலைமுறை.

பணத்துக்கு முன்னால் காகிதம்

2023இல் அதே லோடுமேனின் மகன் பிளஸ் டூ முடித்தான். இந்த முறை அவர் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. முடிவு வந்த அன்றே வீட்டுக்குப் போனேன். பணத்தை எடுத்துக்கொண்டுதான் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, முதலில் தேவைப்பட்டது பணமே அல்ல, காகிதம்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று. இவற்றில் பலவற்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஆகும் கட்டணம் நூறு ரூபாய்க்குள்தான். ஆனால் மதிப்பெண் பட்டியலில் தகப்பன் பெயர் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், ரேஷன் கார்டில் இன்னொரு விதம். ஒரு எழுத்து மாறினாலும் மனு திரும்பி வருகிறது. தகப்பன் ஒவ்வொரு முறையும் அரை நாள் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டும். நமக்கு ஜி.எஸ்.டி. பில்லில் ஓர் எண் மாறினால் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். அவர்களுக்கு யார் ஆடிட்டர்?

அந்தப் பையனுக்கு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது யார் தெரியுமா? அவனுடைய அக்காள். ஜவுளிக் கடையில் பில் போட்டுவிட்டு இரவு ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்து, தன் செல்போனிலேயே ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். எந்தக் கல்லூரியை முதலில் போடுவது, எதை அடுத்துப் போடுவது என்று நோட்டில் எழுதி வைத்திருந்தாள். 2019இல் தனக்காக எழுதிய அதே நோட்டு. நான் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வேறொன்றும் பேசத் தோன்றவில்லை.

பையனுக்கு 7.5 விழுக்காட்டில் இடம் கிடைத்தது. கல்விக் கட்டணம் இல்லை, விடுதிக் கட்டணம் இல்லை. பாய், தலையணை, பெட்டி, துணிமணி, வரைபடச் சாமான், போக்குவரத்து என்று 9 ஆயிரத்துச் சொச்சம்தான் ஆயிற்று. தகப்பனார் அதைக் கடனாகத்தான் வாங்கினார். கூலியில் பிடித்து முடித்தும் விட்டார். அன்றைக்கு அவர் சொன்னது: "இந்தச் சட்டம் அன்னிக்கே இருந்திருந்தா பாப்பாவும் போயிருக்கும் அண்ணாச்சி." சட்டம் இல்லாததால் மட்டும் அந்தப் பெண் போகாமல் இருக்கவில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். என் மனம் நோகக் கூடாது என்று அப்படிச் சொன்னார்.

தரகரிடம் ஏமாறாமல் இருக்க

இங்கே ஓர் எச்சரிக்கை. தேர்வு முடிவு வந்த மறுநாளே வீடு தேடித் தரகர்கள் வருகிறார்கள். "கலந்தாய்வுக்கு எதற்குக் காத்திருக்கிறீர்கள், இப்போதே முன்பணம் கட்டுங்கள், ஸ்காலர்ஷிப் எல்லாம் நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று சொல்லி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடுகிறார்கள். அப்படிச் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகையும் கிடையாது, 7.5 விழுக்காட்டுச் சலுகையும் கிடையாது. இது அந்தப் பெற்றோருக்குத் தெரிவதில்லை. இலவசமாகப் படித்திருக்க வேண்டிய பிள்ளை லட்சக்கணக்கில் கடன்பட்டுப் படிக்கிறது. சரக்கைப் பார்க்காமல் முன்பணம் கட்டக் கூடாது என்பது நமக்குப் பாலபாடம். அந்தப் பாடத்தை நம் தொழிலாளிக்கு நாம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

வங்கிக் கடன் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்பதில்லை என்பது வங்கிகளின் மாதிரித் திட்டம். 2015இல் வந்த கடன் உத்தரவாத நிதித் திட்டத்தின்படி ஏழரை லட்சம் வரைக்கும் ஈடு இல்லாமல் கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் அழுக்குச் சட்டையோடு போய் நிற்கிறவரை "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். அதே வங்கியில் நமக்கு நடப்புக் கணக்கு இருக்கிறது. மேலாளர் நமக்கு நாற்காலி போடுகிறார். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "இவர் எங்கள் கடைக்காரர், இருபது வருடமாகத் தெரியும், என்னவென்று பாருங்கள்" என்று சொல்ல நமக்கு ஒரு பைசா செலவில்லை.

எல்லாரும் படித்தால் மூட்டையை யார் தூக்குவது?

இனி, கூட்டத்தில் யாரும் எழுந்து கேட்காத, ஆனால் டீக்கடையில் எல்லாரும் பேசுகிற கேள்விக்கு வருகிறேன். "இருக்கிற ஆள் பஞ்சத்தில், இவன் பிள்ளையையும் காலேஜுக்கு அனுப்பிவிட்டால் நம் கடைக்கு யார் வருவார்கள்?"

இந்தக் கவலையை நான் கேலி செய்யப் போவதில்லை. எனக்கும் இந்தக் கவலை உண்டு. என் கடையில் இன்று மூட்டை தூக்கும் நால்வரில் இருவர் வடநாட்டுப் பிள்ளைகள். ஆனால் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் எங்கே? என் மூத்த மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். பக்கத்துக் கடைக்காரர் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். நம் பிள்ளை கடைக்கு வராததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். லோடுமேன் பிள்ளை வராவிட்டால் மட்டும் ஆள் பஞ்சம் என்கிறோம். ஒரே தராசில் இரண்டு படிக்கல் வைக்கலாமா?

நம் ஊர்க்காரர் ஒருவர் சிறு வயதில் பள்ளிக்கூடத்தைவிட்டுத் தாய்மாமன் துணிக்கடையில் வேலைக்கு உட்கார்ந்தார். அந்தக் கடைப் பையன்தான் 1954இல் முதலமைச்சர் ஆனார், தமிழ்நாடெங்கும் பள்ளிகளைத் திறந்தார், பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டார். காமராசர் பிறந்த ஜூலை 15ஆம் நாளைக் கல்வி வளர்ச்சி நாள் என்று கொண்டாடி மாலை போடுகிறோம். நம் கடையில் நிற்கும் பையனைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டு மாலை போடுவதில் அர்த்தமில்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நம் தொழிலுக்கே படித்தவர்கள் வேண்டியிருக்கிறது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தது முதல் கணக்கெழுத ஆள் தேடி அலையாத கடைக்காரர் உண்டா? மூட்டை தூக்கியவரின் மகன் பி.காம். முடித்து நம் கடைக் கணக்கைப் பார்த்தால் வேண்டாம் என்போமா? அவன் நம் கடைக்கு வராமல் வேறு எங்கே போனாலும், மாதச் சம்பளம் வாங்கும் குடும்பம் ஒன்று ஊரில் கூடினால் அந்த வீட்டு மளிகைச் சீட்டு நம் தெருவுக்குத்தான் வரும்.

முன்னோர் காட்டிய வழி

இது நமக்குப் புதிய காரியமும் அல்ல. எங்கள் விருதுநகரில் முன்னோர்கள் வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அரிசி களையும் முன் ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டு வைப்பது பெண்கள் வழக்கம். வாரம் ஒரு முறை அதைச் சேகரித்துக் கொண்டுவருவார்கள். காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்த பள்ளிதான். பேட்டைக்கு வரும் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை பிடித்துப் பொதுக் காரியம் செய்தவர்களும் வியாபாரிகள்தான். சென்னையில் பச்சையப்ப முதலியார் எழுதி வைத்த பணத்தில் 1842இல் பள்ளி தொடங்கி, அது பின்னால் கல்லூரி ஆயிற்று. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். எல்லாம் வியாபாரத்தில் வந்த பணம்.

நம்மால் கல்லூரி கட்ட முடியாது. கட்டவும் வேண்டாம். கட்டிய கல்லூரிக்குள் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு பிடி அரிசி போதும். அந்தக் காலத்தில் அவரவர் சமூகத்துக்கு அவரவர் செய்தார்கள். இன்று நமது சங்கம் வணிகர் சங்கம். மூட்டையைத் தூக்கும்போது எந்தச் சாதித் தோள் என்று நாம் பார்ப்பதில்லை. கட்டணம் கட்டும்போதும் பார்க்க வேண்டாம்.

நமது கிளைச் சங்கங்கள் செய்ய வேண்டியவை

ஒன்று: மே மாதம் முதல் தேதியிலிருந்து ஜூலை முடிய சங்கக் கட்டடத்தில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், விவரம் தெரிந்த ஓர் ஆள். விண்ணப்பம், சான்றிதழ், கடைசித் தேதி ஆகியவற்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தேதிகளைக் கரும்பலகையில் எழுதி வாசலில் வைக்க வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுத்தே வைக்க வேண்டும். சும்மா செய்யச் சொன்னால் நாலு நாளில் நின்றுவிடும்.

இரண்டு: சுழல் நிதி. 150 உறுப்பினர் உள்ள ஒரு கிளையில் ஆளுக்கு மாதம் 100 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். பிள்ளைக்கு 15 ஆயிரம் வீதம் 12 பேருக்கு உதவலாம். வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து, அதில் பாதி திரும்பி வந்தாலும் மறு ஆண்டு 2,70,000 ரூபாய் கையில் இருக்கும். 18 பேருக்குக் கொடுக்கலாம். திரும்பாத பணத்தை வாராக்கடன் என்று எழுதிவிட்டுப் போகலாம். அதைவிடப் பெரிய வாராக்கடனை நாம் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறோம்.

மூன்று: முடிவு ஒரே நாளில். மூன்று பேர் கொண்ட குழு, அதில் இருவர் கையெழுத்துப் போட்டால் அன்று மாலைக்குள் பணம் கல்லூரிப் பெயருக்குப் போய்விட வேண்டும். அடுத்த செயற்குழுவில் வைத்துப் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. நான் சொன்ன "திங்கட்கிழமை" என்ன செய்தது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

நான்கு: பிள்ளையை மேடையில் நிறுத்திப் பெரிய அட்டைக் காசோலை கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம். கடன் வாங்குகிறவர் கடைக்காரரானால் நாம் படம் எடுத்துப் போடுகிறோமா? ஆண்டு மகாசபையில் வரவு செலவை மட்டும் படித்தால் போதும்.

ஐந்து: சேர்த்துவிட்டதோடு விட்டுவிடக் கூடாது. நான் சொன்ன பையன் தமிழ் வழியில் படித்தவன். முதல் பருவத்தில் இரண்டு பாடத்தில் அரியர் வைத்துவிட்டான். வகுப்பில் ஆங்கிலத்தில் நடத்துவது விளங்கவில்லை, கேட்கக் கூச்சம். வீட்டுக்கு வந்து, திரும்பிப் போக மாட்டேன் என்று படுத்துக்கொண்டான். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். விடுமுறையில் பதினைந்து நாள் அவனை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். ஒரு பாடத்தை அடுத்த தடவையே எழுதித் தேறிவிட்டான். இன்னொன்றுக்கு இரண்டு தடவை ஆயிற்று. படிப்பு இன்னும் முடியவில்லை. ஆனால் விடவில்லை. கிட்டங்கி மாடியில் சும்மா கிடக்கும் அறை நம்மில் பலரிடம் இருக்கிறது. ஒரு பல்பும், ஒரு மேசையும், சாயங்காலம் இரண்டு மணி நேரம் இப்படி ஒரு வாத்தியாரும் இருந்தால் பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் போதும்.

ஆறு: கல்லூரி பற்றிய யோசனை எட்டாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தேசிய வருவாய் வழித் தேர்வு நடக்கிறது. தேறியவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு ஆண்டுக்கு, வருடம் 12 ஆயிரம் கிடைக்கும். இப்படி ஒரு தேர்வு இருக்கிறது என்று உங்கள் கடைத் தொழிலாளிக்குத் தெரியுமா என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைக் கடையில் வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம். லீவு நாளில் வந்து நிற்கும் பையனுக்கு வேலை கொடுக்க முன், எந்த வகுப்பு, எந்தப் பள்ளி என்று கேட்கும் வழக்கம் நமக்கு வர வேண்டும்.

முடிவாக

எங்கள் கிளையில் மேசை போடுவது என்று பேசி முடித்திருக்கிறோம். அதில் உட்கார யார் என்று கேட்டபோது அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னேன். ஜவுளிக் கடையில் வாங்கும் சம்பளத்துக்குக் குறையாமல் அந்த மூன்று மாதமும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம். அவளைக் கேட்டதற்கு, "எனக்கும் அஞ்சல் வழியில பி.காம். சேர ஒரு பாரம் போடலாமா அண்ணாச்சி?" என்று கேட்டாள். முதல் பாரம் அவளுடையதாகவே இருக்கட்டும் என்றேன். இதனால் 2019 சரியாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கணக்கு என் பேரேட்டில் பாக்கியாகத்தான் நிற்கும்.

உங்கள் கடையிலும் ஒருவர் சரக்கை இறக்கிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்பார். அவர் கேட்கும் வரை காத்திராமல் நீங்களே கேளுங்கள்: பிள்ளை என்ன படிக்கிறது, எவ்வளவு குறைகிறது, கடைசி நாள் எது. மூன்றாவது கேள்வியை மறக்காமல் கேளுங்கள்.

வாழ்க வணிகர் ஒற்றுமை.